அத்தியாயம் 9: கூப்பிட்டால் போங்கள்

முந்தைய அத்தியாயங்களைப் படித்துக்கொண்டே ஒரு பயிற்சிப் பள்ளியிலும் சேர்ந்திருந்தால், இந்நேரம் உங்களுக்குச் சேணம் பூட்டத் தெரியும். டிராட்டில் தாளம் தப்பாமல் எழுந்து உட்காரத் தெரியும். பிடரி மயிரைப் பிடிக்காமல் கேண்டரில் ஒரு சுற்று போகவும் வந்திருக்கும். பலர் தேங்கிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். வாரம் இரண்டு வகுப்பு, முக்கால் மணி நேரம், அதே மைதானம், அதே குதிரை. பணம் கட்டுகிறோம், ஏறுகிறோம், இறங்குகிறோம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறோம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் சவாரி கொஞ்சம் மெருகேறியிருக்கும். குதிரையைப் பற்றித் தெரிந்தது அப்படியே இருக்கும்.

இதிலிருந்து வெளியே வர அதிகப் பணம் கட்டி அதிக வகுப்பு எடுப்பது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, உங்களைக் கூப்பிடும்போது போவது.

குதிரை உலகத்தில் வாய்ப்புகள் விளம்பரமாக வருவது குறைவு. நம் ஊரில் குதிரை வைத்திருப்பவர்கள் சொற்பம். பயிற்சியாளர்கள், குதிரையைப் பராமரிக்கும் சைஸ்கள், லாடக்காரர்கள், கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ‘அந்தப் பையன் சொன்ன நேரத்துக்கு வந்துடுவான்’ என்று ஒருவர் சொன்னால் அது பெங்களூரு வரை போகும். ‘அந்தப் பொண்ணு லாயத்துப் பக்கமே எட்டிப் பாக்காது’ என்பதும் போகும், கொஞ்சம் வேகமாகவே. ஆகவே உங்களுக்கு வரும் அழைப்பு எதுவும் வாய்ப்பு என்ற தோற்றத்தில் வராது. ஆள் குறைகிறது, கொஞ்சம் வந்து உதவ முடியுமா என்றுதான் வரும். பெரும்பாலும் சேணத்தில் ஏறுவதற்கான அழைப்பாகவும் இருக்காது. அதனாலேயே பலர் அதைத் தட்டிக் கழிக்கிறார்கள்.

லாடம் அடிக்கும் காலை

“தம்பி, ஞாயித்துக்கிழமை லாடம் அடிக்க வர்றாங்க. குதிரையைப் பிடிச்சுக்க ஒரு ஆள் குறையுது. வர்றியா?”

போங்கள். உறக்கம் கெடும், கை அழுக்காகும், காலை முழுவதும் போய்விடும். போங்கள்.

குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, வளர்ந்ததை வெட்டி, அரம் போட்டுச் சமன் செய்து, மறுபடி அடிக்க வேண்டும். உங்கள் வேலை தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுமே. ஆனால் அதிலும் ஒரு முறை இருக்கிறது. லாடக்காரர் எந்தப் பக்கம் குனிந்திருக்கிறாரோ அந்தப் பக்கமே நீங்களும் நிற்க வேண்டும். குதிரை மிரண்டால் அதன் தலையை உங்கள் பக்கம் இழுப்பீர்கள். தலை இந்தப் பக்கம் வரும்போது பின்பகுதி அந்தப் பக்கம் விலகும், குனிந்திருப்பவர் தப்புவார். எதிர்ப்பக்கம் நின்று இழுத்தீர்களானால் பின்கால்கள் நேரே அவர்மேல் வரும். நேர் முன்னாலும் நிற்காதீர்கள். குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்வை உண்டு, ஆனால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது தெரியாது.

நின்றபடியே பாருங்கள். குளம்பைத் திருப்பிச் சுரண்டியதும் விளிம்பையொட்டி ஒரு வெளிறிய கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கும் சுவர் நம் நகம் போல, அதற்கு வலி தெரியாது. ஆணி அந்தச் சுவருக்குள் இறங்கிப் பக்கவாட்டில் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்த்த நுனியை முறித்து மடக்கி அரம் போட்டுவிடுவார். கோட்டைத் தாண்டி உள்ளே போனால் சதை, மறுநாள் குதிரை நொண்டும். நல்ல லாடக்காரர் கண்ணை மட்டும் நம்புவதில்லை. சுத்தியல் விழும் ஓசையையும் கேட்டுக்கொண்டே அடிக்கிறார். கெட்டியான சுவரில் இறங்கும் ஆணிக்கு ஒரு சத்தம், மெத்தென்ற இடத்தில் இறங்குவதற்கு வேறு சத்தம். அரை நாள் அருகில் நின்றால் உங்கள் காதுக்கே வித்தியாசம் பிடிபடத் தொடங்கும்.

குளம்பின் நடுவில் முக்கோணமாக ஒரு பகுதி இருக்கும். நம் பயிற்சிப் பள்ளிகளில் ஃபிராக் என்றே சொல்கிறார்கள். அங்கே கறுப்பாகக் கசிந்து அழுகிய வாடை அடித்தால், லாயத்தில் ஈரம் தங்குகிறது, யாரோ தினமும் குளம்பைச் சுத்தம் செய்யவில்லை என்று பொருள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வாடை இல்லாத லாயம் சென்னையில் அரிது. அடுத்து, கழற்றிப் போட்ட பழைய லாடங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அந்தக் குதிரை காலை நேராக ஊன்றுவதில்லை. வகுப்பில் ‘இந்தக் குதிரை இடப்பக்கம் திரும்பவே மாட்டேங்குது’ என்று நீங்கள் குறைப்பட்டுக்கொண்ட குதிரையாகக்கூட அது இருக்கலாம்.

வகுப்புக் கட்டணத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கேட்டால் சொல்வார்கள், ஆனால் கேட்கத் தெரிய வேண்டும் என்றால் முதலில் அங்கே நிற்க வேண்டும்.

இரவில் வரும் போன்

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பு 450 கிலோ இருந்தாலும் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் அது குடலில்தான் வேலையைக் காட்டும். கோலிக் என்ற வயிற்றுவலிக்கு லாயத்தில் இருக்கும் எல்லோரும் பயப்படுவது இதனால்தான். தரையைக் காலால் பறிக்கும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும், சாணம் போடாது. பெரும்பாலும் ராத்திரியில்தான் தெரியவரும், மருத்துவர் வர நேரமாகும், சைஸ் ஒருவராகத் திணறுவார்.

அந்த நேரத்தில் உங்களை அழைத்தால் அது பெரிய நம்பிக்கை. போய், சொன்னதைச் செய்யுங்கள். மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். தீவனத்தை அப்புறப்படுத்துங்கள். மருத்துவர் போனில் முதலில் கேட்கப் போவது எண்களை. தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை துடிப்பு இயல்பு. மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 99-லிருந்து 101.5 டிகிரி ஃபாரன்ஹீட். காதை வயிற்றில் வைத்துக் குடல் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், சத்தமே இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். கடைசியாக எப்போது சாணம் போட்டது என்பதைச் சைஸிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். நாடி 60-ஐத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்று நீங்கள் சொன்னால் மருத்துவர் மறுபேச்சில்லாமல் கிளம்புவார்.

இந்த எண்களை அவசரத்தில் கற்றுக்கொள்ள முடியாது. குதிரை நலமாக இருக்கும் ஒரு மாலையில், சைஸ் அண்ணனிடம் கேட்டு, நாடி பிடித்துப் பழகுங்கள். அவருக்கு இருபது வருட அனுபவம் இருக்கும், பள்ளிக்கூடப் படிப்பு இருக்காது, யாரும் அவரிடம் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள். நம் பயிற்சிப் பள்ளிகளில் மாணவர்கள் பயிற்சியாளரை ‘சார்’ என்றும் சைஸை ‘ஏய்’ என்றும் கூப்பிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கேவலமான வழக்கம் என்பது ஒருபக்கம். குதிரையோடு நாள் முழுக்க இருப்பவரை விட்டுவிட்டு முக்கால் மணி நேரம் இருப்பவரிடம் மட்டும் கற்றுக்கொள்வது முட்டாள்தனமும்கூட.

நடுவருக்குப் பக்கத்து நாற்காலி

போட்டி நடக்கும் இடங்களில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. ஆரோவிலோ பெங்களூரோ, எங்கே நடந்தாலும் இதுதான் கதை. ஜம்பிங்கில் விழுந்த கட்டையைத் தூக்கி வைக்க ஆள் வேண்டும், கேட்டைத் திறந்து மூட ஆள் வேண்டும், அடுத்து யார் என்று பெயர் கூப்பிட ஆள் வேண்டும். எல்லாமே நல்ல வேலைகள். ஆனால் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், டிரெஸாஜ் நடுவருக்கு எழுதிக் கொடுக்கும் வேலையை எடுங்கள்.

டிரெஸாஜ் களம் 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் திரும்ப வேண்டும், எங்கே நடையை மாற்ற வேண்டும் என்பது முன்கூட்டியே அச்சிட்ட தாளில் இருக்கும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் சொல்வார், அரை மதிப்பெண்ணும் உண்டு. சொல்வதோடு காரணமும் இரண்டு மூன்று சொற்களில் வரும். அவர் கண்ணைக் களத்திலிருந்து எடுக்கக் கூடாது என்பதால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்.

முதல் இரண்டு குதிரைகள் போகும்வரை கை ஓடாது. எந்த அசைவுக்கு எந்தக் கட்டம் என்று தடுமாறும். ஐந்தாவது குதிரை வரும்போது, நடுவர் வாய் திறப்பதற்கு முன்பே ‘இது வட்டமில்லை, முட்டை’ என்று உங்களுக்கே தெரியும். பத்தாவது குதிரையில் உங்கள் மனக்கணக்கும் அவர் சொல்வதும் அரை மதிப்பெண் வித்தியாசத்தில் வந்து நிற்கும். சேணத்தின் மேல் இருக்கும்போது எப்போதும் உணராத ஒன்று அங்கே தெரியவரும்: குதிரை தவறியதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பவற்றில் பாதி, அதற்கு இரண்டு அடி முன்பே சவாரிக்காரர் கையை இறுக்கியதால் வந்தவை. ஒரு விதி மட்டும் மறக்கக் கூடாது. அங்கே கேட்ட மதிப்பெண்ணை உங்கள் நண்பருக்குக்கூட வெளியே சொல்லக் கூடாது. ஒருமுறை சொன்னால் மறுமுறை அந்த நாற்காலி கிடைக்காது.

தெரியாத குதிரை, தெரியாத விளையாட்டு

பயிற்சிப் பள்ளியில் தரோபிரெட் குதிரையில் பழகியவர்களுக்கு மற்ற குதிரைகள் மேல் ஓர் இளக்காரம் வந்துவிடுகிறது. தெரிந்தவர் ஒருவர் மார்வாரியோ கத்தியவாரியோ வைத்திருந்து, வந்து பாருங்கள் என்றால், போங்கள். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் அந்தக் குதிரைகளின் நடையும் சுபாவமும் வேறு. ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோவில் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தைக்கு யாராவது கூப்பிட்டால் அதற்கும் போங்கள். வாங்க வேண்டாம், வேடிக்கை பாருங்கள். அங்கே குதிரை வாங்க வருபவர் முதலில் சுழி பார்ப்பார், அப்புறம் பல் பார்ப்பார். சுழியை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பல்லை நம்பலாம். முன்வரிசைப் பால்பற்கள் இரண்டரை வயதில் நடுவிலிருந்து விழத் தொடங்கி, மூன்றரை, நாலரை என்று ஓரம்வரை மாறி, ஐந்து வயதில் வாய் நிறையும். அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துத்தான் கணக்கு, அதில் ஏமாற்றவும் இடம் உண்டு. ஒரு நாள் முழுக்க ஒரு வியாபாரிக்குப் பின்னால் நின்றால் புத்தகத்தில் கிடைக்காதது கிடைக்கும்.

என்டூரன்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டத்துக்கு உதவிக் குழுவில் வரச் சொன்னாலும் மறுக்காதீர்கள். உயர்ந்த நிலையில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் வரை போகும் விளையாட்டு இது. நடுநடுவே மருத்துவச் சோதனை. குறித்த நேரத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு 64-க்கு இறங்க வேண்டும், கால் நொண்டக் கூடாது. தவறினால் எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் வெளியே. அமெரிக்காவில் 1955-ல் தொடங்கிய டெவிஸ் கோப்பை இதில் பழமையானது, 24 மணி நேரத்துக்குள் 100 மைல் மலைப்பாதை. குறித்த நேரத்துக்குள் முடிக்கும் எல்லோருக்கும் வெள்ளி பக்கிள் உண்டு. முதல் பத்துக்குள் வந்த குதிரைகளில் எது நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ அதற்குத் தனிக் கோப்பை உண்டு. உதவிக் குழுவின் வேலை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவதும் சேணத்தை அவிழ்ப்பதும் நடத்திக் கூட்டிப்போவதும்தான். வெயிலில் வேலை செய்த குதிரையை எப்படிக் குளிர்விப்பது என்பதை நம் ஊர்க்காரருக்கு இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் இடம் கிடையாது.

இலவசக் குதிரை

இந்த அழைப்பு எல்லோருக்கும் ஒருமுறை வரும். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை, ஆறு வயது, நல்ல குணம், ‘நீங்க எடுத்துக்கிட்டா போதும், காசு வேணாம்’. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மில் பழமொழி உண்டு. குதிரை விஷயத்தில் அந்தப் பழமொழியைத் தூரப் போடுங்கள். பல்லையும் பாருங்கள், காலையும் பாருங்கள், மருத்துவரை வைத்து எக்ஸ்ரேயும் எடுங்கள். கிளாண்டர்ஸ் பரிசோதனை கட்டாயம். குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய, உயிரைப் பறிக்கக்கூடிய நோய் அது. உங்கள் மாவட்டக் கால்நடை மருத்துவமனையில் கேட்டால் ரத்த மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் வழியைச் சொல்வார்கள்.

இந்த இடத்தில் யாராவது உங்களுக்கு ஸ்னோமேன் கதையைச் சொல்வார்கள். 1956-ல் ஹாரி டிலேயர் என்ற சவாரி ஆசிரியர் பென்சில்வேனியாவில் ஒரு குதிரை ஏலத்துக்குத் தாமதமாகப் போனார். நல்லவை எல்லாம் விற்றுப்போயிருந்தன. கசாப்புக்கூடத்துக்குப் போகும் லாரியில் ஏற்றப்பட்டிருந்த ஒரு வெள்ளைக் குதிரையை 80 டாலருக்கு வாங்கினார். ஏர் உழுத குதிரை, மார்பில் நுகத் தழும்பு. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சவாரி பழக்க ஆகும் என்று வாங்கியவர், கொஞ்ச நாளில் பக்கத்து மருத்துவர் ஒருவருக்கு லாபத்துக்கு விற்றும்விட்டார். குதிரை அங்கே நிற்கவில்லை. உயரமான வேலிகளைத் தாண்டித் திரும்பத் திரும்ப வந்தது. வேலியை உயர்த்தினார்கள், அதையும் தாண்டியது. அப்போதுதான் டிலேயருக்கு உறைத்தது. திரும்ப வாங்கி ஜம்பிங்குக்குப் பழக்கினார். இரண்டே வருடத்தில், 1958-ல், நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நாட்டின் பெரிய ஜம்பிங் பட்டம். அடுத்த வருடமும் அதே பட்டம்.

கதை முழுக்க உண்மை. ஆனால் இதைச் சொல்லி உங்கள் தலையில் குதிரையைக் கட்டுபவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. டிலேயர் குதிரைகளோடு வளர்ந்தவர், தொழிலே அதுதான், கட்டுவதற்கு லாயம் இருந்தது. லாரிக்குள் நின்ற குதிரையின் உடற்கட்டையும் கண்ணையும் பார்த்துக் கணிக்க அவருக்குத் தெரியும். உங்களுக்கு இப்போது தெரியாது. 450 கிலோ குதிரை தினமும் ஏழிலிருந்து ஒன்பது கிலோ உலர்தீவனம் தின்னும், 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும், சித்திரை வெயிலில் அது இரட்டிப்பாகும். லாடம், மருத்துவர், சைஸ் சம்பளம், இட வாடகை எல்லாம் மாதம் தவறாமல் வரும். குதிரை இருபத்தைந்து வருடமும் வாழலாம். ஆகவே இந்த அழைப்புக்கு நான் சொல்லும் பதில்: “ஒரு மாசம் உங்க லாயத்துலயே வந்து பாத்துக்கறேன், அப்புறம் சொல்றேன்.” ஒத்துக்கொண்டால் ஒரு மாதம் இலவசமாக ஒரு குதிரையைப் புரிந்துகொள்ளக் கிடைத்தது. ஒத்துக்கொள்ளவில்லையென்றால் ஏன் அவசரப்படுகிறார் என்று யோசியுங்கள்.

வெளிநாட்டு லாயம்

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய டிரெஸாஜ் அணி தங்கம் வென்றது. 1982-க்குப் பிறகு குதிரையேற்றத்தில் நமக்குக் கிடைத்த முதல் தங்கம். அணியில் இருந்த கொல்கத்தாக்காரர் அனுஷ் அகர்வாலா தனிநபர் வெண்கலமும் வென்றார், அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரெஸாஜில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். பதின்பருவத்திலேயே ஜெர்மனி போய், ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹூபெர்டஸ் ஷ்மிட்டிடம் தங்கிப் பயின்றவர் அவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈவென்டிங்கில் இறுதிச் சுற்றுவரை போய் 23-ஆம் இடம் பிடித்த பெங்களூரு ஃபவாத் மிர்சாவும் ஜெர்மனியில் பயிற்சி எடுத்தவர்தான். இந்த அளவுக்குப் போக பெரும் செலவாகும், குடும்பமோ புரவலரோ பின்னால் நிற்க வேண்டும். அதை மறைத்து உழைப்பு மட்டும் போதும் என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

பணம் குறைவாக உள்ளவர்களுக்கு இருக்கும் கதவு, லாய வேலைக்கு ஈடாகப் பயிற்சி. சாணம் அள்ளுவது, குதிரையைத் தேய்ப்பது, சேணம் துடைப்பது, பதிலுக்குத் தங்க இடமும் வகுப்பும். பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் 2007-ல் கார்ல் ஹெஸ்டரின் லாயத்தில் இப்படித்தான் சேர்ந்தார். விற்பதற்காகப் பழக்கிக்கொண்டிருந்த வலேக்ரோ என்ற இளம் குதிரை அவர் கைக்கு வந்தது. 2012 லண்டனில் அந்தக் குதிரையோடு இரண்டு தங்கம். இந்தக் கதவு திறந்தால் நுழையுங்கள், ஆனால் எழுத்தில் கேட்டு வாங்கிய பின். வாரம் எத்தனை மணி நேர வேலை, எத்தனை வகுப்பு, யார் நடத்துவார், விடுமுறை எப்போது, அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, விசாவில் இந்த வேலைக்கு இடம் உண்டா. ‘வந்து பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் போகாதீர்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் பெற்றோர் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்காமல் விடவே கூடாது.

எப்போது மறுப்பது

அதே டுஜார்டின் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு விலகினார். சில வருடங்களுக்கு முன் ஒரு வகுப்பில் மாணவியின் குதிரையை நீளச் சாட்டையால் கால்களில் திரும்பத் திரும்ப அடித்த காணொளி வெளிவந்தது. அவரும் ஒப்புக்கொண்டார். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு ஓராண்டு தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதித்தது. அந்தக் காணொளியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு எழும் கேள்வி, அடித்தவரைப் பற்றியது மட்டுமில்லை. குதிரைமேல் உட்கார்ந்திருந்தவர் அந்த இடத்தில் என்ன செய்திருக்க முடியும்? உலகச் சாம்பியன் சொல்லித் தரும்போது இறங்கிவிடுவது எளிதல்ல. ஆனாலும் இறங்கலாம். அதற்கு முன்பே மனத்தில் முடிவு செய்து வைத்திருந்தால்தான் முடியும்.

முடிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டியவை இவ்வளவுதான். நொண்டும் குதிரையில், களைத்த குதிரையில் ஏற மாட்டேன். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என் எடையும் சேணமும் சேர்ந்து வந்தால் ஏற மாட்டேன். 200 கிலோ மட்டக்குதிரையில் ஏற எண்பது கிலோ மனிதருக்கு எந்த நியாயமும் இல்லை, ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும். தலைக்கவசம் இல்லாமல் ஏற மாட்டேன். என்னைவிடத் தேர்ந்தவரை இரண்டு முறை கீழே தள்ளிய குதிரையில், ‘நீ பயப்படறியா’ என்று கேட்டதற்காக ஏற மாட்டேன். ஊசி போட்டு அமைதிப்படுத்திய குதிரையை விற்க உதவ மாட்டேன். மேலே சொன்ன அழைப்புகளைத் திரும்பிப் பாருங்கள். போகச் சொன்னவற்றில் எல்லாம் நேரமும் உழைப்பும் உங்களுடையவை. மறுக்கச் சொன்னவற்றில் விலையைக் குதிரையோ உங்கள் முதுகெலும்போ கொடுக்கிறது.

சரி என்று சொல்லும் முறை

கூப்பிட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வராமல் போவது, மறுப்பதைவிட மோசம். “வர்றேன் சார், ஆனா ஒன்பது மணிக்குக் கெளம்பணும்” என்று முதலிலேயே சொல்லுங்கள். தெரியாத வேலை என்றால் “இதுவரைக்கும் செஞ்சதில்ல, ஒருதரம் காட்டிக் குடுங்க” என்று கேளுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை, தெரிந்த மாதிரி நடிப்பவர்களைப் பார்த்துத்தான் குதிரைக்காரர்கள் பயப்படுவார்கள். மூடிய ஷூ, பருத்தி உடை, சின்னக் கத்தி ஒன்று, தண்ணீர். போனை உள்ளே வையுங்கள். இலவச உதவிக்கும் ஒரு வரம்பு வேண்டும். பழகும்வரை இலவசம் சரி. வேலை பழகி, நீங்கள் இல்லாவிட்டால் ஓடாது என்ற நிலை வந்தால் கூலியையோ வகுப்பையோ வாய்விட்டுக் கேளுங்கள்.

இந்த உலகத்தில் பிழைப்பு தேட நினைப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். 2024-ல் ஊட்டி பந்தய மைதானத்தை அரசு கையகப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி பந்தய மைதானத்தின் 160 ஏக்கருக்கான குத்தகை ரத்தானது. தமிழ்நாட்டில் குதிரையை நம்பியிருந்த குடும்பங்களில் பல சார்ந்திருந்தது அந்த இரண்டு இடங்களைத்தான். பந்தயக் குதிரையை மட்டும் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்கும், அதோடு லாடம், குட்டி பழக்குதல், பயிற்சிப் பள்ளி நிர்வாகம் என்று இரண்டு மூன்று கைத்தொழில் சேர்த்து வைத்திருப்பவருக்கும் அடுத்த வேலை கிடைப்பதில் வித்தியாசம் உண்டு.

நம் நாட்டில் போட்டிப் பருவம் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடியும். உதவிக்கு வருவதாக இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே உங்கள் பயிற்சியாளரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். எழுதும் வேலை வேண்டும் என்று குறிப்பிட்டே கேளுங்கள். இல்லாவிட்டால் கேட் திறக்கத்தான் போடுவார்கள்.